இடாப்பில் உள்ள பெயர்

காலையில் வகுப்பினுள் நுழைந்ததும் உபாத்தியாயன் ஒருவன் செய்யும் முதற் காரியம் இடாப்பைத் திறப்பது. இருபது ஆண்டுகளாக நான் செய்துவரும் காரியமும் அதுவே. நாற்பது பெயர்களை வரிசையாக அழைக்கின்றேன். நாற்பது குரல்கள் விடை கூறுகின்றன. தலைப்பெழுத்துச் சரியா, தந்தையின் பெயர் சரியா என்று பார்ப்பேன். அழைக்கப்படும் பெயருக்கும் விடை கூறும் பிள்ளைக்கும் இடையே பொருத்தம் உண்டா என்று பார்ப்பது என் கடமை என எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து வந்த கடிதம் ஒன்று அந்த நிம்மதியைக் கலைத்தது.

எழுதியவர் உயர்தர வகுப்பு வரை என்னிடம் தமிழ் படித்தவர். எங்களுடையது ஆடவர் கல்லூரி. இடாப்பில் அவருக்கு இருந்தது ஆண்பிள்ளைப் பெயர். அப்பெயராலேயே ஆண்டுக்கணக்காக நான் அழைத்து வந்தேன். கடிதத்தின் அடியில் இருந்ததோ ஒரு பெண்ணின் பெயர். தாம் பெண்ணாக வாழத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகின்றது என்றும், வைத்தியரின் கண்காணிப்பில் சிகிச்சை பெற்று வருவதாகவும், வேலை செய்யும் கந்தோரில் முகாமையாளர் முதல் தேநீர் கொண்டுவருபவர் வரை எல்லோரும் புதிய பெயராலேயே அழைக்கின்றனர் என்றும் எழுதியிருந்தார். இப்போது வேறொரு நிறுவனத்தில் இதனினும் நல்ல உத்தியோகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கின்றார். முன்னர் நான் எழுதிக் கொடுத்த நற்சான்றுப் பத்திரத்தைப் புதிய பெயரில் எழுதித் தர இயலுமா என்பதே கேள்வி. “இயலாவிட்டால் நான் குறை நினைக்க மாட்டேன், சேர்” என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிதான் என்னை அதிகம் வருத்தியது. மறுக்கப்படுவதற்குப் பழகிப்போனவர் எழுதும் வரி அது.

உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு மூன்று வாரம் பேசாதிருந்தேன். வெறுப்பினால் அன்று; கடதாசிக்குப் பயந்து. இடாப்பில் ஒரு பெயர், பரீட்சைப் பெறுபேற்றில் அதே பெயர், நான் மட்டும் வேறு பெயர் எழுதிக் கையொப்பமிட்டால் நாளைக்கு யாரேனும் கேட்கமாட்டார்களா? உபாத்தியாயர்கள் பேய்க்கு அஞ்சமாட்டார்கள்; கணக்குப் பரிசோதகருக்கு அஞ்சுவார்கள்.

அந்த மூன்று வாரத்தில் தற்செயலாக மைக்கல் டிலன் என்பவருடைய வாழ்க்கை வரலாறு எனக்கு வாசிக்கக் கிடைத்தது. திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் இந்த நூற்றாண்டில் நம்மிடையே வழக்குக்கு வந்தவை. பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவரைத் திருநம்பி என்கின்றோம். டிலன் அத்தகையவர், அதுவும் அச்சொல்லோ அதற்குரிய சட்டமோ உலகில் எங்கும் இல்லாத காலத்தில்.

அவர் 1915ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி இங்கிலாந்தில் பிறந்தார். பாரனெற் என்னும் பரம்பரைப் பட்டமுடைய ஐரிஷ் குடும்பம். பிறந்து சில நாட்களில் தாய் இறந்துபோனார். லோரா மோட் என்பது தாயின் பெயர். குழந்தைக்கும் அப்பெயரே இடப்பட்டது. ஆகவே பிற்காலத்தில் டிலன் கைவிட்ட பெயர், தாம் கண்டறியாத தாயிடமிருந்து பெற்ற பெயர். இப்படிப்பட்ட பெயரை ஒருவர் விளையாட்டுக்காகக் கைவிடுவாரா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

சிறிய தந்தையார் வீடென்று இல்லாமல் அத்தைமாரின் வீட்டில் வளர்ந்த டிலன், ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் பெண்களுக்குரிய சென் ஆன்ஸ் என்னும் பிரிவிற் படித்துப் பட்டம் பெற்றார். படகோட்டுவதில் வல்லவர், பெண்கள் படகுக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். படிப்பு முடிந்து ஓர் ஆராய்ச்சிசாலையில் வேலைக்கு அமர்ந்த பின்னர், 1939இல் ஒரு வைத்தியரை நாடித் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். அவ்வைத்தியர் டெஸ்டொஸ்ரெறோன் என்னும் ஆண் ஓமோன் குளிகைகளைக் கொடுத்தார். ஆயினும் முதலில் மனநோய் வைத்தியர் ஒருவரைக் காணவேண்டும் என்றார். கண்டதன் பலன் யாதெனில், அந்த வைத்தியர் வாய் காவாது ஊரெல்லாம் கதையைப் பரப்பிவிட்டார். வேலைத்தலத்தில் தலைநிமிர்ந்து நடக்க இயலாமல் டிலன் பிரிஸ்டல் நகருக்கு ஓடினார். அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு மோட்டார்க் கராஜில் வேலை.

பட்டதாரி பெற்றோல் ஊற்றினார். அது உலக யுத்த காலம். ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால் கராஜ்களில் ஆட்கள் இல்லை. ஜேர்மன் விமானங்கள் பிரிஸ்டல் மீது குண்டுபொழிந்த இரவுகளில் தீக்காவலும் அவரே பார்த்தார். பழுதுபட்டு நிற்கும் வாகனங்களை இழுத்துவரும் வண்டிக்குச் சாரதியாகவும் உயர்ந்தார். இதற்கிடையில் குளிகைகள் தம் வேலையைச் செய்து கொண்டிருந்தன. பார்க்கிறவர்களுக்கு அவர் ஓர் இளைஞராகவே தோன்றலானார். பெற்றோல் அடிக்க வந்தவர் கண்ணுக்கு ஓர் ஆண். பக்கத்தில் நின்ற தொழிலாளியோ “அவளிடம் கேளுங்கள்” என்கின்றான். வந்தவர் விழிக்கின்றார்.

அப்பொழுது அந்தக் கராஜின் முகாமையாளர் ஒரு கட்டளை இட்டார். இனிமேல் எல்லோரும் டிலனை ‘அவன்’ என்றே குறிப்பிடவேண்டும். காரணம் கருணை அன்று, கொள்கையும் அன்று. வாடிக்கையாளர் குழம்பக் கூடாது, அவ்வளவே. எனக்கு இவ்விடம் மிகவும் பிடித்தது. சர்வகலாசாலையும் வைத்தியமும் செய்யாத ஒன்றை எண்ணெய்க் கறை படிந்த கையுடைய ஒரு முகாமையாளர் வியாபாரக் கணக்குப் பார்த்துச் செய்து முடித்தார். நல்ல காரியம் நல்ல எண்ணத்தில்தான் பிறக்கவேண்டும் என்று காத்திருந்தால் உலகில் பாதி நற்காரியங்கள் நடந்திரா.

தமிழ் உபாத்தியாயன் என்பதால் ஒரு சிறு வழிவிலகல். ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசுவதானால் ஆணா பெண்ணா என்று சொல்லியே ஆகவேண்டும். நமது எழுத்துத் தமிழில் ‘அவர்’ என்னும் சொல் ஒரு நிழல்மரம். அதன் கீழ் எவரும் நிற்கலாம். இக்கட்டுரையிலும் நான் அந்நிழலிலேயே நடந்து வந்திருக்கின்றேன். ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் அம்மரம் இல்லை. இங்கே ‘அவர் வந்தார்’ என்றால் ஆண். பெண்ணாயின் ‘அவ வந்தா’ என்கின்றோம். மரியாதைக்கும் பால் பிரித்து வைத்திருக்கின்றோம். ஆகவே கந்தோரில் மேசைக்கு மேசை பேசும்பொழுது நம்மவர்களும் அந்தக் கராஜ்காரர் போலவே தெரிவு செய்துதான் ஆகவேண்டும், தப்ப வழியில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இத்தகையோரை உயர்திணையிலேயே வைத்தார். அவர்களைச் சுட்டும் பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய பால் ஈறுகளைப் பெற்றே அவை நடக்கும் என்று விதித்தார். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கும் சூத்திரம். அது உயிருள்ள ஒருவரைப் பற்றியது என்பது இத்தனை நாளும் எனக்கு உறைக்கவில்லை.

இனி டிலனிடம் மீள்வோம். இரத்தத்திற் சர்க்கரை குறைந்து மயங்கி விழும் வியாதி அவருக்கு இருந்தது. அதனால் வைத்தியசாலையிற் கிடந்தபோது அங்கிருந்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் அவருடைய நிலைமையைக் கேட்டறிந்தார். 1942இல் மார்பகங்களை அகற்றும் சிகிச்சையையும் செய்தார். அதோடு நில்லாமல், பிறப்புப் பதிவைத் திருத்துவதற்கு வேண்டிய கடிதமும் எழுதிக் கொடுத்தார். 1944இல் லோரா மோட் டிலன் என்பவர் பதிவேட்டில் லோரன்ஸ் மைக்கல் டிலன் ஆனார். ஆங்கில நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் 2004இலேயே வந்தது என்பதை நினைவிற் கொண்டால் அந்தக் கடிதத்தின் பெறுமதி விளங்கும். யுத்தத்தில் முகம் சிதைந்த போர்வீரர்களுக்குப் புதுமுகம் அமைத்துப் புகழ்பெற்ற சேர் ஹரோல்ட் கில்லிஸ் என்னும் வைத்தியரிடமும் அவரே டிலனை ஆற்றுப்படுத்தினார். 1946 முதல் 1949 வரை கில்லிஸ் அவருக்குச் செய்த சிகிச்சைகள் பதின்மூன்றுக்குக் குறையாதவை.

சிகிச்சைகளுக்கு இடையே டிலன் டப்ளின் நகரத்து திரித்துவக் கல்லூரியில் வைத்தியம் படித்தார். அங்கே சேர்வதற்கு ஒக்ஸ்போட்டிலிருந்து அத்தாட்சி வேண்டும். அத்தாட்சியில் பெண்கள் கல்லூரியின் பெயர் இருந்தால் மைக்கல் என்னும் பெயர் அவரை ஒருநாளும் காப்பாற்றாது. இந்த இடத்திலே, அவருக்கு முன்பு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் சர்வகலாசாலைப் பதிவாளரிடம் சென்று பேசி, ஆடவர் கல்லூரியாகிய பிறேஸ்நோஸில் அவர் படித்ததாகப் பதிவை மாற்றுவித்தார்.

இதை வாசித்தபொழுது புத்தகத்தை மூடிவிட்டேன். இழுப்பறையிற் கிடந்த கடிதம் நினைவுக்கு வந்தது.

அந்த ஆசிரியர் செய்தது சரியா என்று என் சக ஆசிரியர் ஒருவர் பின்னர் வாதிட்டார். படியாத கல்லூரியிற் படித்ததாகப் பதிவது பொய் அல்லவா என்றார். பொய்தான், மறுக்கவில்லை. ஆனால் படிப்பு மெய், பட்டம் மெய், சித்தியெய்திய ஆள் மெய். அவ்வளவு மெய்யும் ஒரு கல்லூரியின் பெயரால் அழிந்துபோகும் நிலையை அக்காலத்து விதிகள் உண்டாக்கி வைத்திருந்தன. ஒழுங்கான வழி இல்லாத இடத்தில் நல்லவர்களும் ஒற்றையடிப் பாதையில் நடக்க நேர்கின்றது. ஒழுங்கான வழி இருந்தும் நடக்காதிருந்தவன் நான் என்பதே என் சங்கடம்.

டிலன் 1951இல் வைத்தியராகி, பின்னர் கப்பல் வைத்தியராகக் கடலோடினார். ஆறு ஆண்டுகள் வரை எவருக்கும் ஒன்றும் தெரியாது. ‘டொக்டர் டிலன்’ என்று கூப்பிட்டார்கள். அவர் சென்று நோய் பார்த்தார். உத்தியோகத்தில் ஒருவருக்கு வேண்டியது இவ்வளவுதானே!

அவரை அழித்ததும் ஓர் இடாப்புத்தான். சரியாகச் சொன்னால் இரண்டு இடாப்புகள். ஆங்கிலப் பிரபு குலங்களின் வம்சாவளியை அச்சிடும் நூல்கள் இரண்டு உண்டு. தமையனாருக்குப் பிள்ளைகள் இல்லாமையால் பட்டத்துக்கு அடுத்த உரித்தாளி மைக்கல் டிலன் என்று டெப்ரெட் என்னும் நூல் அச்சிட்டது. பேர்க் என்னும் நூலோ, தமையனாருக்கு லோரா மோட் என்றொரு தங்கை மட்டும் உண்டு என்று அச்சிட்டது. இரண்டையும் ஒப்புநோக்கியவர்கள் விடுவார்களா? 1958இல் பத்திரிகைகளில் செய்தி வெடித்தது. அப்போது அவருடைய கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நின்றது. டெப்ரெட்டின் ஆசிரியர் தாம் அச்சிட்டதில் உறுதியாக நின்றார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் டிலனுக்கு இனிக் கப்பலும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை என்றாகிவிட்டது.

அவர் இந்தியாவுக்கு வந்தார். கலிம்பொங்கிலும், புத்தர் முதன்முதல் அறம் உரைத்த சாரநாத்திலும் தங்கினார். ஜீவகர் என்ற பெயரைச் சூடினார். தமிழ் படித்தவர்களுக்கு இப்பெயர் கேட்டதும் சீவகசிந்தாமணி நினைவுக்கு வரும். அந்தச் சீவகன் வேறு, இவர் வேறு. புத்தருக்கு மருத்துவம் பார்த்தவர் ஜீவகர். வைத்தியர் ஒருவர் துறவு நாடும்போது இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. மூன்றாவது பெயர் இது. முதற்பெயர் தாயுடையது, இரண்டாவது தாமே தேர்ந்தது, மூன்றாவது தம் தொழிலுடையது. ஆயினும் அங்கும் பழைய பதிவு குறுக்கே வந்தது. முழுத் துறவு கிடைக்கவில்லை. பின்னர் திபெத்திய மரபை நாடி, லடாக் மலைநாட்டு றிசோங் மடத்தில் இளந்துறவியாக ஏற்கப்பட்டார். பிரபு குடும்பத்துப் பிள்ளை அங்கே மற்ற இளந்துறவிகளோடு ஒருவராக வேலை செய்தது. 1962ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி வட இந்தியாவில் டல்ஹவுசி என்னும் இடத்தில் தமது நாற்பத்தேழாவது வயதில் காலமானார். அதற்குச் சிறிது முன்னரே தம் சுயசரிதையை எழுதி முடித்திருந்தார். அது அச்சேறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

நம்மவர்களில் சிலர் இதைக் கேட்டதும் விராடபர்வத்தை எடுத்துக் காட்டுவார்கள். அருச்சுனன் பிருகன்னளை என்னும் பெயரில் அரண்மனையில் ஆடல் கற்பித்து உத்தியோகம் பார்க்கவில்லையா என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். யோசித்துப் பார்த்தால் அது நேர் எதிரானது. அருச்சுனன் ஓராண்டு தன்னை மறைப்பதற்குப் பெயர் பூண்டான். ஆண்டு முடிந்ததும் களைந்தான். இவர்களோ மறைத்து வாழ்ந்த ஆண்டுகள் முடிந்த பின்னர் பெயர் பூணுகின்றார்கள். என் மாணவி கல்லூரியில் என் முன் அமர்ந்திருந்த ஆண்டுகளே அவருடைய அஞ்ஞாதவாசம்.

பெயர் மாறும்போது உழைப்பின் கணக்கு என்னவாகின்றது என்பது வேறொரு கேள்வி. அமெரிக்காவில் லின் கொன்வே என்னும் பொறியியலாளர் ஐ.பி.எம். கொம்பனியில் கணினிகளின் உள்ளமைப்பை வகுக்கும் வேலையில் இருந்தார். தாம் பெண்ணாக மாறப்போவதைத் தெரிவித்தபோது 1968இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதுவரை அங்கே செய்து முடித்த அரிய வேலை அனைத்தும் பழைய பெயரோடு அங்கேயே நின்றுவிட்டது. புதிய பெயருக்கோ முன்னனுபவம் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கூலிக்கு நிரல் எழுதுபவராக அடியிலிருந்து மீண்டும் தொடங்கினார். ஐந்தாண்டுகளில் செறொக்ஸ் கொம்பனியின் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். பல்லாயிரம் உறுப்புகளைச் சிறு சில்லு ஒன்றில் அமைக்கும் முறைபற்றி 1980இல் கார்வர் மீட் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூல் சர்வகலாசாலைகள்தோறும் பாடநூலாயிற்று. இவ்வளவு புகழுக்குப் பின்னும் முப்பது ஆண்டு காலம் பழைய வேலை தம்முடையது என்று வாய்திறக்கவில்லை. ஐ.பி.எம். 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள்! கொன்வே 2024இல் காலமானார். மன்னிப்பைக் காதாற் கேட்க ஆயுள் கிடைத்தது ஓர் ஆறுதல்.

நமது நாட்டில் நிலைமை எப்படி? 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி மனநல வைத்திய நிபுணரின் கையால் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழைக் கொண்டு பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் பிறப்புப் பதிவைத் திருத்தலாம்; பின்னர் தேசிய அடையாள அட்டை. டிலனுக்கு ஒரு வைத்தியரின் தனிப்பட்ட தயவாகக் கிடைத்தது, இங்கே ஒரு வழியாகவே திறந்திருக்கின்றது. மெச்சவேண்டிய காரியம். ஆனால் வழி திறந்ததும் ஊர் வந்துவிடுவதில்லை. சிகிச்சை, சான்றிதழ், திருத்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாதங்களும் ஆண்டுகளும் செல்கின்றன. அந்த இடைக்காலத்தில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க இயலுமா? வாடகையும் சாப்பாடும் சான்றிதழ் வரும்வரை பொறுத்திருக்குமா? முகமும் குரலும் உடையும் ஒரு பெயரைச் சொல்ல, சம்பளப் பட்டியல் வேறொன்றைச் சொல்லும் காலம் அது.

என் மாணவியின் கந்தோரில் அதற்குக் கண்ட வழி மிக எளியது. அடையாள அட்டையோடு பிணைந்தவை, அதாவது சம்பளம், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி ஆகிய மூன்றும் பழைய பெயரில் இருக்கின்றன. அவற்றைக் காண்பவர் கணக்குப் பகுதியில் ஒருவரே. மற்ற யாவும், மேசை மேலுள்ள பெயர்ப்பலகை, தொலைபேசிப் பட்டியல், கடிதத்தின் அடியிற் கையொப்பம், பிறந்தநாள் கேக்கின் மேல் எழுதும் எழுத்து, இவையெல்லாம் புதிய பெயரில். முதல் வாரம் சிலருக்கு நா இடறியதாம். இடறியவர்கள் ஒருமுறை திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் நின்று நீளமாக மன்னிப்புக் கேட்டாராம். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது என்று எழுதியிருந்தார்.

இதென்ன புதுப்பழக்கம், பதிவில் இல்லாத பெயரால் ஒருவரைக் கூப்பிடுவதா என்பவர்களை நான் ஒன்று கேட்பேன். யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பெயர் இல்லாதவர் யார்? இடாப்பிற் சிவபாதசுந்தரமாக இருப்பவர் ஊரில் ராசனாகவே முதுமையடைகின்றார். மரண அறிவித்தலில் அடைப்புக்குறிக்குள் அந்த ராசன் இல்லாவிட்டால் இழவுக்கு ஆள் வராது. கதை எழுதுகிறவர்கள் புனைபெயரில் எழுதுகிறார்கள். பரிசளிப்பு விழாவில் புனைபெயரையே சொல்லி மேடைக்கு அழைக்கின்றோம். கலியாணமான மறுநாள் பெண்ணின் பெயருக்கு முன்னும் பின்னும் எல்லாம் மாறிவிடுகின்றது. வர்த்தமானிப் பத்திரிகையைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. பதிவில் இல்லாத பெயரை நம் வாய் நாள்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றது. இவர்கள் விஷயத்தில் மட்டும் வாய்க்குச் சட்டம் ஞாபகம் வருகின்றது.

மூன்று வாரம் கழித்துக் கடிதத்தோடு அதிபரிடம் போனேன். அவர் இருமுறை வாசித்தார். “நீர் படிப்பித்த பிள்ளைதானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அப்படியென்றால் நற்சான்று உம்முடையது. கல்லூரிப் பத்திரங்களைத் திருத்துவது வேறு விஷயம். பிறப்புப் பதிவு திருந்தி வரட்டும், அப்போது அதைப் பார்ப்போம். நீர் அறிந்ததை நீர் எழுதும்” என்றார். நான் மூன்று வாரமாக முடிச்சென்று நினைத்திருந்தது, இழுத்தவுடன் அவிழ்ந்தது.

எழுதுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில், நற்சான்றும் ஆங்கிலத்தில் வேண்டும். நிழல்மரம் இல்லாத மொழி. பழைய நகலை எடுத்து வைத்துக்கொண்டு ‘அவன்’ என்ற இடமெல்லாம் ‘அவள்’ என்று மாற்றத் தொடங்கினேன். நான்காவது வரியில் கை நின்றது. “வகுப்பில் அமைதியானவன், ஒதுங்கியிருக்கும் இயல்புடையவன்” என்று அன்று நான் புகழ்ச்சியாக எழுதியிருந்தேன். அது இயல்பன்று என்பது இப்போது தெரிகின்றது. அந்த வரியை நீக்கிவிட்டு, அவர் எழுதிய கட்டுரைகளைப் பற்றியும், நாடகப் போட்டிக்குக் கணக்கு வைத்துக் கடைசிச் சதம் வரை ஒப்படைத்ததைப் பற்றியும் எழுதினேன். இத்தனை ஆண்டுகள் என்னிடம் படித்தார் என்று ஆண்டுகளைக் குறித்தேன். புதிய பெயரை மேலே பெரிய எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். தமிழில் ஒரு சிறு கடிதமும் உள்ளே வைத்தேன். தாமதத்துக்குக் காரணம் தபாற்கந்தோர் அல்ல, நான் என்று அதில் ஒப்புக்கொண்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. நற்சான்று கிடைத்ததென்றும், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கின்றதென்றும், அம்மாவிடம் அதைக் காட்டியதாகவும் எழுதியிருந்தார். கீழே ஒரு பின்குறிப்பு. தமிழ்க் கடிதத்தின் தலைப்பில் தம் பெயரை எழுதும்போது மூன்று சுழி ணகரம் வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி னகரம் போட்டுவிட்டேனாம். ஏழாம் வகுப்பில் இதே பிழைக்கு நான் அவரைப் பத்துத் தடவை எழுத வைத்தது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

கடதாசி ஒன்றை எடுத்து, அந்தப் பெயரைப் பத்துத் தடவை எழுதி அனுப்பி வைத்தேன்.